கேமராவைத் திறந்தால் படிவம் காலி: ஆர்க்கிடெக்சர் தேர்வு பற்றி எங்கள் அனுபவங்கள்

ஆப்பின் கோடை எப்படிப் பிரித்து அடுக்குவது, எம்விபி, எம்விவிஎம், எம்விஐ என்ற முறைகளில் எதை எடுப்பது என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருவதால் நான் பார்த்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும். பார்சல் டெலிவரி செய்பவர்கள் கையில் ஓடுகிற ஒரு ஆண்ட்ராய்டு ஆப். நான் அந்த டீமில் சேர்ந்தபோது ஆப் ஏற்கெனவே நடப்பில் இருந்தது, கோடும் ஒழுங்காகவே இருந்தது. திரைக்கான தரவை வைத்திருக்கும் வியூமாடல், தரவை எடுத்துத் தரும் ரெப்பாசிட்டரி, ஒரு வேலைக்கான விதிகள் இருக்கும் யூஸ்கேஸ், இவற்றை இணைக்கும் ஹில்ட் என்று எல்லாம் அதனதன் இடத்தில். ஆனால் வெளியில் வேலை செய்பவர்களிடமிருந்து ஒரே புகார் வந்துகொண்டிருந்தது. முகவரி சரிபார்த்து, வாடிக்கையாளரிடம் ஓடிபி வாங்கிப் போட்டு, குறிப்பு எழுதி, கடைசியில் பார்சலை போட்டோ எடுக்க கேமராவைத் திறக்கிறார்கள். திரும்பி வந்தால் நிரப்பியது எல்லாம் காலி. வெயிலில் பைக்கை நிறுத்திவிட்டு வாசலில் நிற்கிற மனிதர், அதே வாடிக்கையாளரிடம் மறுபடி ஓடிபி கேட்க வேண்டும். ஆபீஸில் இருந்த எந்த போனிலும் இது வரவே இல்லை. எங்களிடம் இருந்தது 8 ஜிபி ரேம் போன், அவர்களிடம் 2 ஜிபி.

நடப்பது இதுதான். கேமரா ஆப் நிறைய மெமரி கேட்கும். இடம் போதாதபோது, பின்னால் தள்ளப்பட்ட நம் ஆப்பின் புராசஸையே, அதாவது மெமரியில் ஓடும் ஆப் முழுவதையுமே, ஆண்ட்ராய்டு கொன்றுவிடும். போனைத் திருப்பினால் திரையைத் தாங்கும் ஆக்டிவிட்டி மட்டும்தான் அழிந்து புதிதாக வரும், வியூமாடல் தப்பித்துவிடும். புராசஸே போய்விட்டால் வியூமாடலும் சேர்ந்தே போய்விடும். 2017 ஐ/ஓ மாநாட்டில் கூகுள் வியூமாடல், லைவ்டேட்டா (தரவு மாறினால் திரைக்குத் தெரிவிப்பது), ரூம் (போனிலேயே இருக்கும் டேட்டாபேஸுக்கான லைப்ரரி) மூன்றையும் அறிமுகப்படுத்தியபோது திரை திருப்புவதால் வந்த தொல்லை பெரிய அளவில் ஒழிந்தது, அந்த நிம்மதியில் இந்த இரண்டாவது சாவைப் பலர் கணக்கில் எடுக்கவே இல்லை என்பது என் எண்ணம். நேர்காணலில் கேட்டால்கூட "வியூமாடல்ல வச்சா டேட்டா போகாது" என்றுதான் பதில் வருகிறது.

நாங்கள் என்ன மாற்றினோம்? எம்விவிஎம்மைத் தூக்கவில்லை. டெலிவரி ஒன்றைத் தொடங்கியவுடன் ரூமில் ஒரு வரைவு வரிசை (டேபிளில் ஒரு ரோ) உருவாகும், ஒவ்வொரு புலமும் நிரப்ப நிரப்ப அதில் எழுதப்படும், திரை அந்த வரிசையை ஃப்ளோவாக (மாறும்போதெல்லாம் வந்துசேரும் தரவோட்டமாக) கவனித்துக் காட்டும், அவ்வளவுதான். புராசஸ் போனாலும் சிறு தகவலை சிஸ்டம் காத்துத் தரும் சேவ்டுஸ்டேட்ஹேண்டிலில் வரைவின் ஐடி மட்டும். அதிலேயே எல்லாவற்றையும் வைத்துவிடலாமே என்று டீமில் ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். ஆனால் அது பண்டில் என்ற பொட்டலமாக, புராசஸ்களுக்கு இடையே தகவல் கடத்தும் பைண்டரில் போகிறது, பைண்டருக்கு ஒரு புராசஸுக்கு மொத்தமாகவே 1 எம்பி அளவுதான் பஃபர், அதையும் அந்த நேரத்தில் நடக்கிற மற்ற அழைப்புகளோடு பங்கிட வேண்டும். போட்டோவை அதில் போட்டால் ஆப் அங்கேயே விழும். போட்டோ ஃபைலாக, அதன் பாதை ரூமில். சர்வருக்கு அனுப்புவது, பின்னணி வேலைகளைக் கவனிக்கும் வொர்க்மேனேஜரின் வேலை. அது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலைத் தானே ஒரு டேட்டாபேஸில் வைத்துக்கொள்வதால் போன் அணைந்து எழுந்தாலும் அனுப்பாதது அனுப்பப்படும்.

இதைச் சோதிக்க விரும்புபவர்களுக்கு ஒன்று. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இருக்கும் "டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்" போதாது. அது ஆக்டிவிட்டியையும் வியூமாடலையும்தான் அழிக்கும், சிங்கிள்டன்கள் (ஆப் முழுவதற்கும் ஒன்றே இருக்கும் ஆப்ஜெக்ட்கள்) உயிரோடு இருக்கும், அதனால் ஓட்டை தெரியாது. ஹோம் பட்டனை அழுத்திப் பின்னால் அனுப்பிவிட்டு ஏடிபியில் (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) "ஏஎம் கில்" (am kill) கொடுங்கள், அப்புறம் ரீசன்ட்ஸிலிருந்து திறந்து பாருங்கள்.

அதனால் என்னைக் கேட்டால், எந்தப் பெயருள்ள பேட்டர்ன் என்பது இரண்டாவது கேள்வி. ஆப் செத்துப்போனால் உண்மை எங்கே மிஞ்சியிருக்கும் என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை கிடைத்தபின் எங்கள் வியூமாடல்கள் எல்லாம் மெலிந்துபோயின, பாதி விவாதம் தானாக நின்றது.

* * *

ஐஓஎஸ் பக்கத்திலிருந்து என் பங்கு. நான் போன இடத்தில் வைப்பர், அதாவது கோடை வியூ, இன்டராக்டர் (விதிகளும் கணக்கும்), பிரசென்டர், என்டிட்டி (தரவு), ரவுட்டர் (திரை விட்டுத் திரை போவது) என்று ஐந்தாகப் பிரிக்கும் முறை. 2014 வாக்கில் அது பரவியதற்குக் காரணம் உண்டு, வியூ கன்ட்ரோலருக்குள்ளேயே நெட்வொர்க், டேபிள், கணக்கு எல்லாம் சேர்ந்து இரண்டாயிரம் வரிக்குப் போன காலம் அது. ஆனால் எங்கள் டீமில் இருந்தது இரண்டே பேர். ஒரு திரையில் புதிதாக ஒரு லேபிள் வைக்க வேண்டுமென்றால் என்டிட்டி, இன்டராக்டர், பிரசென்டர், வியூ, இடையில் இருக்கும் புரோட்டோகால்கள் என்று எல்லாவற்றையும் தொட வேண்டும். மாற்றத்தைச் சேர்க்கக் கேட்டு அனுப்பும் புல் ரெக்வஸ்டைப் பார்த்தால் மாற்றம் எது, சடங்கு எது என்றே பிரித்தறிய முடியாது.

அப்புறம் திரைகளை எழுத ஆப்பிள் தந்த ஸ்விஃப்ட்யுஐக்கு மாறினோம். அது 2019இல் வந்தது, நாங்கள் வெகு தாமதமாகத்தான் போனோம். இங்கேதான் நான் சொல்ல விரும்பும் விஷயம் இருக்கிறது. பிரசென்டர் "இதைக் காட்டு, அதை மறை" என்று வியூவுக்குக் கட்டளை போடும், ஸ்விஃப்ட்யுஐயில் கட்டளைக்கு இடமே இல்லை, நிலை மாறினால் திரை தானாக மாறும். பிரசென்டர்கள் மொத்தமும் போயின, ரவுட்டர்களும் போயின. இன்டராக்டர்கள் மட்டும் ஏறக்குறைய எழுதியபடியே நின்றன, ஏனென்றால் அவற்றில் எதிலும் ஆப்பிளின் பழைய திரை லைப்ரரியான யுஐகிட்டின் இம்போர்ட் இல்லை. அந்த ஒரு கட்டுப்பாட்டுக்காக, பழைய டீமில் அதை விடாப்பிடியாகக் காத்தவர்களுக்கு நான் நன்றி சொல்வேன். பேட்டர்னின் மற்ற பாகங்களுக்குச் செலவான உழைப்பு அந்த அளவு பலன் தரவில்லை.

ஊபர் 2017இல் தன் ஆர்க்கிடெக்சரான ரிப்ஸை ஓப்பன் சோர்ஸ் ஆக்கியபோது அதையும் எடுக்கலாமா என்று பல சிறிய டீம்களில் பேச்சு வந்தது. அது ஒரே ஆப்பில் ஏராளமான எஞ்சினியர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் வேலை செய்வதற்காகப் பிறந்தது. அந்த நெரிசல் உங்களிடம் இல்லையென்றால் அந்த வேலியும் தேவையில்லை.

* * *

முதலில் எழுதிய நண்பர் கேமரா பற்றிச் சொன்னது பணம் கட்டும் திரைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். யுபிஐ ஆப்பைத் திறந்து பின் நம்பர் போட்டுத் திரும்பும் நேரத்தில் நம் ஆப் உயிரோடு இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. யுபிஐ ஆப் பதிலாகத் திருப்பி அனுப்பும் இன்டென்ட்டில் "சக்ஸஸ்" என்று இருந்தாலும் அதை நம்பிப் பொருளைக் கொடுக்கக் கூடாது, சர்வரிடம் கேட்டுத்தான் முடிவு. அதனால் நாங்கள் அந்த ஒரு பகுதிக்கு மட்டும், திரையின் நிலை முழுவதையும் ஒரே இடத்தில் வைக்கும் எம்விஐ எடுத்தோம். முன்பு லோடிங், எரர், சக்ஸஸ் என்று மூன்று பூலியன்கள் (ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டும் ஏற்பவை) இருந்தன, சில நேரம் இரண்டு சேர்ந்தே ட்ரூ ஆகி, பணம் போனவருக்கு "மீண்டும் முயலவும்" பட்டன் தெரிந்தது. இப்போது ஒரே சீல்டு கிளாஸ், ஒரு நேரத்தில் இந்தப் பட்டியலில் ஒன்றுதான் இருக்க முடியும்: தொடங்கவில்லை, ஆப்புக்குப் போயிருக்கிறார், சர்வர் பதிலுக்குக் காத்திருக்கிறோம், முடிந்தது, தோற்றது. பணம் போனபின் மறுபடி கட்டச் சொல்லும் நிலையே அந்தப் பட்டியலில் இல்லை. புரொஃபைல், செட்டிங்ஸ் போன்ற திரைகள் சாதாரண எம்விவிஎம்மாகவே இருக்கின்றன, அவற்றுக்கும் எம்விஐ கேட்கும் இன்டென்ட் (இங்கே பயனரின் செயல் என்று பொருள்), ரெட்யூசர் (அந்தச் செயலால் நிலையை மாற்றுவது) எழுதுவது வீண் வேலை.

* * *

நான் தனி ஆள், எங்கள் ஊர் ட்யூஷன் சென்டருக்கு வருகைப்பதிவு ஆப் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாறு திரைகள் இருக்கும். கோடைத் தனித்தனி அடுக்குகளாகப் பிரிக்கும் கிளீன் ஆர்க்கிடெக்சர் எடுத்தே ஆக வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். எடுக்கவா அண்ணா?

* * *

வேண்டாம் தம்பி. கூகுளின் வழிகாட்டியே டொமைன் அடுக்கு (யூஸ்கேஸ்கள் இருக்கும் நடு அடுக்கு) கட்டாயமில்லை என்றுதான் சொல்கிறது. ரூம், அதன் மேல் ஒரு ரெப்பாசிட்டரி, திரைக்கு ஒரு வியூமாடல், இது போதும். வருகையைக் குறித்தவுடன் அந்த நிமிடமே ரூமில் எழுதிவிடுங்கள், "சேவ்" பட்டன் அழுத்தும்வரை மெமரியில் வைத்திருக்காதீர்கள், பாதி வகுப்பு குறித்தபோது ஆசிரியருக்கு ஒரு போன் வந்தால் ஆப் போய்விடலாம். நெட் இல்லாத நேரத்திலும் குறிக்க முடிய வேண்டும். ஒரே கணக்கை இரண்டு வியூமாடல்களில் காப்பி அடிக்கிறீர்கள் என்று தோன்றும் நாளில் அதை ஒரு யூஸ்கேஸாகப் பிரித்தெடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். முடிந்ததும் ஏஎம் கில் கொடுத்துப் பார்த்துவிட்டு என்ன ஆனது என்று இங்கே எழுதுங்கள்.