மறு: சாண்ட்பொக்ஸ் கேம் – தமிழில் என்ன?

வெள்ளவத்தை, வணிகக்கல்வி ஆசிரியை:

அன்பின் அனைவருக்கும்,

உயர்தர வகுப்புக்கு, மைன்கிராப்ட் என்ற கணினி விளையாட்டு ஏன் இவ்வளவு விற்றது என்று ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். சாண்ட்பொக்ஸ் கேம் என்ற இடத்தில் நிற்கிறேன்; விளையாடுகிறவர் தன் விருப்பப்படி கட்டி ஆடுகிற கேமுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். மணற்பெட்டி விளையாட்டு என்று பலர் எழுதுகிறார்கள். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். மேசன்மார் மணல் அளக்கிற பெட்டியா என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் விளையாடவென்று பெட்டியில் மணல் போட்டு வைத்திருக்கிற வீடு இந்தப் பக்கம் எங்கே இருக்கிறது?

குறிப்பின் சாரம் இது. மைன்கிராப்டைச் செய்த மார்க்கஸ் பெர்சன் 2009இல், கேமை முடிக்காமலே விற்கத் தொடங்கினார். விலை குறைவு, முதலில் வாங்கியவர்களுக்குப் பின்னால் வந்த புதுப்பிப்புகள் இலவசம். 2011 ஜனவரியில் பத்து இலட்சம் பிரதிகள் போய்விட்டன; முழுப் பதிப்பு வந்ததே அந்த வருடம் நவம்பரில்தான். 2014இல் மைக்ரோசொப்ட் 250 கோடி டொலருக்கு அவருடைய நிறுவனத்தை வாங்கியது. 2023இல் விற்பனை 30 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. இலக்கை விளையாடுகிறவரே வைத்துக்கொள்கிறார், எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான் என்பது என் வாதம். சொல்லிலும் அது தெரிய வேண்டும்.

தெஹிவளை, மென்பொருள் பொறியியலாளர்:

ரீச்சர், மணற்பெட்டியை எங்களுக்கு விட்டுவிடுங்கள். நம்பிக்கை இல்லாத நிரலை, வெளியே எதையும் தொடவிடாமல் அடைத்து ஓட்டுவதற்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். எங்களுக்கு அந்தப் பெட்டியின் சுவர் முக்கியம். கேமில் முக்கியம் உள்ளே இருக்கிற மணல். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் இரண்டு பாடத்திலும் குழப்பம்.

‘திறந்த உலகம்’ என்றும் போடவேண்டாம். ஜிரிஏ (கிராண்ட் தெப்ட் ஓட்டோ) கேமும் இஷ்டப்படி சுற்றக்கூடிய திறந்த உலகம்தான், ஆனால் கதையை நடத்துவது அதைச் செய்த நிறுவனம். ‘கட்டற்ற விளையாட்டு’ என்றால் கட்டற்ற மென்பொருளோடு போய் ஒட்டிக்கொள்ளும். என் பரிந்துரை: ஆக்கவெளி விளையாட்டு.

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, ஆக்கவெளி என்பது அலுவலகத்தில் செய்த சொல். அதில் விளையாட்டு எங்கே இருக்கிறது? நம்மிடம் சிற்றில் இருக்கிறது. சிறுமை + இல், பிள்ளைகள் விளையாட்டாகக் கட்டும் சிறு வீடு. கலித்தொகை 51ஆம் பாட்டில் தலைவி தோழிக்குச் சொல்கிறாள்: தெருவில் நாம் ஆடும் ‘மணற் சிற்றில்’, அதைக் காலால் சிதைத்த ‘சிறுபட்டி’, அதாவது குறும்புக்காரன். மணல், விளையாட்டு, கட்டுதல் மூன்றும் அங்கேயே கிடக்கின்றன. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்து முழுக்க, எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனை இரக்கிற பாட்டுத்தான். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றிலுக்குத் தனிப் பருவமே உண்டு.

இந்த மைன்கிராப்டில், பக்கத்தில் வந்து வெடித்துக் கட்டினதைத் தகர்க்கிற ஒரு பச்சை உருவம் இருப்பதாகப் பேரன் காட்டினான். கிரீப்பராம். அது சிறுபட்டியேதான். கட்டுவதும் குலைவதும் திரும்பக் கட்டுவதும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு அலுக்காது. ஆகவே ‘சிற்றிலாடல்’ என்று வையுங்கள்.

இன்னும் பொதுவாக வேண்டுமென்றால் ஓரை. சங்கப் பாட்டில் மகளிர் விளையாட்டுக்கு அந்தப் பெயர். தொல்காப்பியக் களவியலில் ‘ஓரையும் நாளும்’ என்று வருவதை வைத்துக்கொண்டு, அது பொழுதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ஹோரா, ஆகவே நூல் பிந்தியது என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். எனக்கு அது ஏற்பில்லை. ஆயத்தாரோடு, அதாவது தோழியரோடு, ஆடும் ஓரை தனித் தமிழ்ச் சொல். பிறகுதான் பொழுதைக் குறிக்கிற மற்றது வந்து இதை மூடிவிட்டது. இதை நாம் ஆறுதலாகப் பேச வேண்டும்.

தெஹிவளை:

ஐயா, ஓரை என்றால் இன்றைக்குப் பிள்ளைகளுக்கு நாட்காட்டியில் இருக்கிற சுக்கிர ஓரைதான். வெள்ளிக்கிழமைக்குள் அதை மீட்க முடியாது.

கிராண்ட்பாஸ், பத்திரிகை மொழிபெயர்ப்பாளர்:

சிற்றில் அழகான சொல், ஐயா. ஆனால் வாசகர் அதைப் பார்த்தவுடன் எதையோ ஏழாம் வேற்றுமையில் சொல்லியிருக்கிறோம் என்று நினைப்பார். காபன், ஒட்சிசன் என்று நாம் எழுதி, அவை பாடப்புத்தகத்தில் நிலைத்துவிட்டன. ஏன் சாண்ட்பொக்ஸ் என்றே எழுதக்கூடாது? தேடுகிற பிள்ளை அதைத்தானே தட்டுவான்.

ரீச்சரின் வாதத்திலும் எனக்குக் கேள்வி இருக்கிறது. சுதந்திரம் மட்டும் போதும் என்றால் இன்பினிமைனர் என்ற கேமும் விற்றிருக்க வேண்டும். அதுவும் 2009தான், கனசதுரக் கட்டைகளால் ஆன உலகம், பெர்சனுக்கு முன்மாதிரியே அதுதான். சாக்கரி பார்த் அதைக் குழுக்கள் போட்டிக்குச் சுரங்கம் தோண்டுகிற கேமாகத்தான் செய்தார், ஆட வந்தவர்கள் போட்டியை விட்டுக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அதற்குள் மூலநிரல் வெளியே போய், ஆளுக்கொரு திருத்திய பதிப்பு வந்து, ஒன்றோடொன்று சேராமல் போயிற்று. அவர் கைவிட்டார். பெர்சன் ஆட்கள் எதைச் செய்து மகிழ்ந்தார்களோ அதையே கேமாக்கினார், மாதத்துக்கு மாதம் திருத்தினார், காசும் வாங்கினார். கட்டியவர்கள் அதை யூடியூபில் போட்டார்கள். அடுத்தவன் கட்டினதைப் பார்த்தவனுக்குத் தானும் கட்ட ஆசை வந்தது. பெரிய வெளியீட்டு நிறுவனம் இல்லாமல் அது பரவியது அப்படித்தான். கதை கேமை யூடியூபில் முடிவுவரை பார்த்துவிட்டால் சிலர் வாங்கவே மாட்டார்கள். இங்கே பார்ப்பதுதான் வாங்க வைக்கிறது.

வெள்ளவத்தை:

இன்பினிமைனரைக் குறிப்பில் சேர்க்கிறேன், மிக்க நன்றி. சுதந்திரம் முதற்காரணம் என்பதை மாற்ற மாட்டேன். அது காசாவதற்கு நீங்கள் சொன்னது வேண்டும் என்று எழுதுகிறேன். நோ மேன்ஸ் ஸ்கை என்ற விண்வெளிக் கேமையும் பக்கத்தில் வைக்கலாம். 2016இல் முடிவில்லாத அண்டம் என்று வந்து, வாங்கியவர்களிடம் திட்டு வாங்கி, பல வருடம் இலவசப் புதுப்பிப்புகள் கொடுத்துத்தான் எழும்பியது. இடம் பெரிதாக இருந்தும், அதில் செய்ய முதலில் போதியது இருக்கவில்லை.

சொல்லுக்கு வருகிறேன். ஆக்கவெளிக்கு இதுவரை ஐந்து பேர், சாண்ட்பொக்ஸுக்கு மூன்று பேர், சிற்றிலுக்கு ஐயாவும் இன்னொருவரும். தலைப்பில் ஆக்கவெளி விளையாட்டு என்று போட்டு, முதல் பந்தியில் சாண்ட்பொக்ஸ் என்ற பெயரையும் சொல்லிவிடுகிறேன்.

கொட்டாஞ்சேனை:

போடுங்கள் மகள். ஆனால் என் மறுப்பைப் பதிந்து வையுங்கள். ஆக்கவெளி என்றால் தொழிற்பேட்டை என்று ஒருவன் நினைப்பான். ஓரை பற்றி ஞாயிறு தனியாக எழுதுகிறேன்.

தெஹிவளை:

சரி ஐயா, எழுதுங்கள். ரீச்சர், இரண்டாம் பக்கத்தில் ‘மொட்’ என்று ஒன்று வருகிறதே, விளையாடுகிறவர்களே கேமை மாற்றிச் செய்கிற துணை நிரல். அதற்கு என்ன போட்டீர்கள்?