போட்டிக்காக ராத்திரியில் படம் எடுத்தபோது நடந்தது: உங்கள் அனுபவம்?

ஒத்தக்கடையிலிருந்து:
யானைமலைக்கு மேல் நட்சத்திரக் கோடு, அதாவது நட்சத்திரங்கள் நகரும் தடம் கோடாக விழும் படம், எடுக்கத்தான் போனேன். மாசி அமாவாசை, 30 விநாடி ஷட்டர், பிறகு ஒன்றாகச் சேர்ப்பதற்காக அடுத்தடுத்து ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வயலில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்த பெரியவர் வந்து, "இருட்டுல எதைப்பா பிடிக்கிற?" என்றார். நட்சத்திரம் நகர்றதை என்றேன். "அதைத்தான் தெனமும் பார்க்கிறோமே. ஆறாமீன் மேக்க சாய்ஞ்சா நாங்க படுக்கப் போவோம்" என்று கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டி டார்ச்சை மேலே நீட்டினார். ஷட்டர் திறந்திருந்தது. பனைமரமும் அவர் கையும் அப்படியே பதிந்துவிட்டன. அந்த ஒரு படத்தைத்தான் அனுப்பினேன், அடுத்த சுற்றுக்குப் போனது. பிரிண்ட் போட்டு எடுத்துப்போனால் கிடை கிளம்பிவிட்டது. அவர் பேர்கூடத் தெரியாது. படத்தை அவர் கையில் கொடுத்தே ஆகவேண்டும்.

திருநகரிலிருந்து:
அண்ணே, டார்ச் பட்டது நட்சத்திரப் படம் ஆகாது. 30 விநாடியில் வானம் எட்டில் ஒரு டிகிரிதான் நகரும், அதில் கோடு எங்கே வரும்? புதிதாக எடுப்பவர்கள் கவனிக்க: துருவ நட்சத்திரத்தைச் சுற்றித்தான் கோடுகள் வட்டமாக விழும், மதுரையில் அது வடக்கே சுமார் 10 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அவ்வளவுதான். மலைக்குத் தெற்கே ஒட்டி நின்றால் அது மறைந்துவிடும், முழு வட்டம் வராது, தள்ளிப் போய் நில்லுங்கள். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் கேமரா அதைச் சுத்தம் செய்ய நேரம் எடுத்து, இடைவெளி விழுந்து கோடு துண்டு துண்டாகும். ஃபோகஸைக் கையால் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். அப்புறம், என் கதை சின்னது. தைப்பூசத்தன்று தெப்பக்குளத்தில், தெப்பத்தின் வடம் பிடித்தவர்களெல்லாம் கலங்கலாகப் பதிந்து, மைய மண்டபம் மட்டும் கூர்மையாக நின்ற ஒரு படம். இன்றைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தல்லாகுளத்திலிருந்து:
டார்ச் பட்டால் என்ன தம்பி? அந்தக் கைதான் படமே. சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை ராத்திரி, கருப்பசாமி வேஷத்தில் திரி எடுத்து வந்த ஒருவர் என் கேமராவைப் பார்த்து நின்றார். "முகம் வேண்டாம்ணே, திரியை மட்டும் எடுங்க. எங்கய்யா நேர்ந்த நேர்த்தி" என்றார். நெருப்பும் மணிக்கட்டும் மட்டும் வைத்து எடுத்தேன். முகம் இல்லாததால் உயிர் இல்லை என்று நடுவர் எழுதிவிட்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அவர் கேட்டதைக் கொடுத்த படம் அது. பரிசுக்காக அந்த முகத்தைத் திருடியிருக்க முடியாது.

மேலூரிலிருந்து:
ஒத்தக்கடை அண்ணனுக்கு: கிடைக்காரர்கள் நிறையப் பேர் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம். ஊரில் விசாரிப்பதைவிட வயல்காரரைக் கேளுங்கள். கிடைக்கூலி கொடுத்தது அவர்தானே, போன் நம்பர் வைத்திருப்பார். அறுவடை முடிந்ததும் பெரும்பாலும் அதே வயலுக்குத்தான் கூப்பிடுவார்கள்.