புதுப்பிப்பு: மினி-ஐடிஎக்ஸ் கணினியின் சத்தம் அடங்கியது

போன மாதம் கேட்டிருந்தேன்: மினி-ஐடிஎக்ஸ் எனப்படும் 17 செ.மீ. சதுரச் சின்ன மதர்போர்டு, 35 வாட் பிராசசர், 450 வாட் பவர் சப்ளை. ராத்திரி அறை அடங்கியதும் சப்ளையின் விசிறி இரைச்சல் தாங்கவில்லை, என்ன செய்யலாம் என்று. சப்ளையையே மாற்றச் சொன்னீர்கள். மாற்றிவிட்டேன்.

இப்போது உள்ளே இருப்பது, மதர்போர்டின் 24 பின் மின் சாக்கெட்டிலேயே செருகி நிற்கும் சின்ன டிசி போர்டு; அடாப்டரின் மின்சாரத்தைக் கணினிக்கு வேண்டிய வோல்ட்டுகளில் தருவது இதன் வேலை. வெளியே 12 வோல்ட், 10 ஆம்பியர் அடாப்டர். இரண்டிலும் விசிறி கிடையாது. கணினி சும்மா இருக்கும்போது 29 வாட் இழுத்தது, இப்போது 18. பெரிய சப்ளைகள் தங்கள் திறனில் 10 சதவீதத்துக்கும் கீழே ஓடும்போது நிறைய வீணாக்கும். என் கணினி நாள் முழுக்க அந்த நிலையில்தான் கிடந்தது.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். இந்த வகைப் போர்டுகளில் பல, அடாப்டரின் 12 வோல்ட்டை அப்படியே உள்ளே கடத்திவிடும்; அதிக வோல்ட் வந்தாலும் அது நேராகப் பாகங்களுக்குப் போய்விடும். அவற்றில் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைத் தயவுசெய்து செருகிவிடாதீர்கள். அப்புறம், 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் கேட்கும். இரண்டு மூன்று டிஸ்க் வைத்திருப்பவர்கள் அடாப்டரின் ஆம்பியரைக் கணக்கிடும்போது அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிராசசர் விசிறி மட்டும் மிச்சம். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்) அதன் வேகத்தைக் குறைத்திருக்கிறேன். காதை அருகில் கொண்டுபோனால்தான் கேட்கிறது.