உப்பளத்தில் நாங்கள் எடுத்த கணக்கெடுப்பு மாநாட்டுக்குப் போகிறது: யார் பெயரில், யார் பேசுவது?

முத்தையாபுரத்துக்காரி:

வணக்கம். தூத்துக்குடி பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களோடு களப்பணி செய்கிறேன். என் அம்மாவும் பாத்தியில் உப்பு வாரியவர்தான். போன கோடையில் மகளிர் குழு அக்காக்களும் நானும் வீடு வீடாகப் போய்க் கேட்டோம்: வேலை நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள், சிறுநீர் கழிக்க எங்கே போகிறீர்கள், நீர்க்கடுப்பு அடிக்கடி வருகிறதா, வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் எப்படி இருக்கிறது. பாதி கேள்விகள் அக்காக்கள் எழுதியவை. உப்புத் தண்ணீரில் நின்று பாதம் வெடித்து, அந்தப் புண்ணோடு மறுநாளும் இறங்குவதைப் பற்றிய கேள்வி அவர்கள் சேர்த்ததுதான்.

இப்போது சென்னையில் நடக்கும் ஒரு பொது சுகாதார மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பப் போகிறோம். உதவி செய்யும் பேராசிரியர் நல்லவர். ஆனால் படிவத்தில் ஆய்வாளர் பெயர், பட்டம், நிறுவனம் என்று கட்டங்கள் இருக்கின்றன. அக்காக்களுக்கு அதில் என்ன நிரப்புவது? "கடைசியில் நன்றி என்று போட்டுவிடலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு அக்கா தானே மேடையில் பேச ஆசைப்படுகிறார், தமிழில்தான் பேசுவார். இன்னொரு பயமும் இருக்கிறது. அளத்து முதலாளி காதுக்குப் போனால் யாருக்காவது வேலை போய்விடுமோ? இதையெல்லாம் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

தங்கச்சி, நலவாழ்வு இயக்கத்தில் ரொம்ப காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சுருக்கத்தை அனுப்புவதற்கு முன்னால் ஊரில் வாசித்துக் காட்டுங்கள். மாநாடு முடிந்து வந்து சொல்கிறோம் என்று தள்ளிப் போடாதீர்கள், பெரும்பாலும் யாரும் திரும்பிப் போவதில்லை. தென்னாப்பிரிக்காவின் பழங்குடிகளான சான் மக்கள், தங்களை ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கென்று 2017-இல் ஒரு நெறிமுறையைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். முடிவுகளைச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுச் சொல்லாமல் விடுவதை அவர்கள் அவமரியாதை என்றே அதில் எழுதியிருக்கிறார்கள்.

வாசித்துக் காட்டினால் ஆய்வும் உருப்படும். வேதாரண்யம் பக்கம் இப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். ரேஷன் கடைத் திண்ணையில் சார்ட் பேப்பரை ஒட்டி, மதியத்துக்குள் எத்தனை சொம்பு தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கட்டம் கட்டமாக வரைந்திருந்தார்கள். படித்த பையன் ஒருவன் விளக்கிக்கொண்டிருந்தான்: அளத்தில் குடிதண்ணீர் வசதி இல்லை, அதனால் குறைவாகக் குடிக்கிறார்கள். பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். "தண்ணி வீட்லருந்து கொண்டு போறோம் தம்பி. பாதியத் திருப்பிக் கொண்டு வர்றோம். குடிச்சா ஒதுங்க எடம் வேணும்ல?" கூட்டம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. கணக்கு அப்படியே இருந்தது, பரிந்துரை மாறியது. தண்ணீர்த் தொட்டி கேட்க இருந்தவர்கள் கழிப்பறை கேட்டார்கள். அந்த அம்மா பேசியிராவிட்டால் மாநாட்டில் தப்பான காரணம்தான் அச்சாகியிருக்கும்.

அடுத்து பெயர். மருத்துவ இதழ்கள் உலகம் முழுக்கப் பார்ப்பது சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழுவின் வரையறையை. நான்கு நிபந்தனைகள், நான்கும் வேண்டும்: ஆய்வை வடிவமைத்ததிலோ தகவல் திரட்டியதிலோ கணிசமான பங்கு, எழுத்தை எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், ஆய்வுக்குப் பொறுப்பேற்பது. முதல் நிபந்தனை அக்காக்களுக்கு முழுசாகப் பொருந்துகிறது. அதில் தேறியவர்களுக்கு எழுத்திலும் இறுதி ஒப்புதலிலும் பங்கெடுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அந்த வரையறையே சொல்கிறது. பேராசிரியரிடம் இதைக் காட்டுங்கள், சண்டையே தேவையில்லை. சுருக்கத்தைத் தமிழில் வாசித்து, அவர்கள் சொல்லும் திருத்தத்தைச் சேர்த்து, சரி என்று ஒப்புதல் வாங்கி, ஆய்வுக்குப் பொறுப்பேற்கவும் அவர்கள் சம்மதித்தால் அவர்கள் ஆய்வாளர்கள்தான். நிறுவனம் என்ற கட்டத்தில் மகளிர் குழுவின் பெயரை எழுதுங்கள்.

ஆனால் நீங்கள் சொன்ன பயம் இங்கேதான் குறுக்கே வருகிறது. பெயர் போட்டால் மரியாதை, அதே பெயரை வைத்து முதலாளி ஆளைக் கண்டுபிடிக்கலாம். இதை நீங்களோ பேராசிரியரோ முடிவு செய்ய முடியாது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், கூட்டத்தில் வைத்துக் கேட்டால் மறுக்கச் சங்கடப்படுவார்கள். சிலர் பெயர் போடச் சொல்வார்கள், சிலர் குழுவின் பெயர் போதும் என்பார்கள், இரண்டும் சேர்ந்தே வரலாம். குழுவின் பெயரிலேயே ஊர் தெரிந்தால் அதையும் யோசியுங்கள். அளத்தின் பெயர் எங்குமே வர வேண்டாம். "ஐம்பது வயதுக்கு மேல், கணவரை இழந்தவர், கிட்னி பாதிப்பு, 2 பேர்" என்று அட்டவணையில் போட்டால் உள்ளூரில் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், அப்படிப்பட்ட சின்ன எண்களைத் தனியாகக் காட்டாமல் வேறு பிரிவுகளோடு சேர்த்து ஒரே எண்ணாகப் போடுங்கள். படமும் அப்படித்தான். முகத்தை மறைத்தாலும் சேலையும் நிற்கிற இடமும் காட்டிக்கொடுக்கும்.

சமூகமருத்துவம்_பிஜி:

மேலே சார் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும். மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு முன்கூட்டியே அனுமதி தருகிற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணைப் பல மாநாடுகள் கேட்கும். தகவல் எடுத்து முடித்த பிறகு பின்தேதியிட்டு ஒப்புதல் தர மாட்டார்கள். போன கோடையில் ஒப்புதல் வாங்கியிருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் மறைக்காதீர்கள், மாநாட்டுக்காரர்களுக்கு முதலிலேயே எழுதிக் கேளுங்கள். ஆய்வுக்கட்டுரை வரிசையில் இல்லாமல் களஅனுபவம், சமூகப் பங்கேற்பு மாதிரியான அமர்வில் வைக்க வழி இருக்கலாம். அடுத்த சுற்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் சமூகத்தை எப்படி ஈடுபடுத்துவது என்பதும் இருக்கிறது, பேராசிரியருக்கு அது பழக்கமானதாகவே இருக்கும்.

இன்னொன்று, எழுதும்போது அளவோடு எழுதுங்கள். நீங்கள் யாருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யவில்லை. "நீர்க்கடுப்பு வருவதாகச் சொன்னவர்கள்" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. "சிறுநீரக நோய் உள்ளவர்கள்" என்று எழுதினால் முதல் கேள்வியிலேயே சிக்குவீர்கள். பரிசோதனை ஆதாரத்துக்கு சென்னை ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்கள் 350 பேருக்கு மேல் பார்த்து 2023-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. வெயில் தாக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் அதில் அளந்து காட்டப்பட்டிருக்கின்றன. அதன் பக்கத்தில் உங்கள் கணக்கெடுப்பை வைத்தால், அந்தப் பெண்கள் ஏன் தண்ணீரைக் குறைக்கிறார்கள் என்ற பகுதி உங்களுடையதாக நிற்கும்.

பதிவுக் கட்டணத் தள்ளுபடியை இப்போதே கேளுங்கள். பேச வருகிற அக்காவுக்குப் பயணச் செலவோடு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலியையும் சேர்த்துக் கேளுங்கள். பேராசிரியருக்கு அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு, அக்காவுக்கு இல்லை.

இலையும்தூளும்:

நான் ஆய்வாளர் இல்லை, தென்காசிப் பக்கம் பீடி சுற்றுகிறவள். எங்கள் சங்கத்தில் எடுத்த கணக்கெடுப்பைப் பற்றி ஒரு கருத்தரங்கில் பேசக் கூப்பிட்டார்கள். போனேன். எனக்கு முன்னால் பேசியவர் எங்கள் கணக்கையெல்லாம் திரையில் போட்டுச் சொல்லி முடித்துவிட்டார். அப்புறம் என்னிடம் மைக்கைக் கொடுத்து, "உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள்" என்றார்கள். தூளை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து உட்கார்ந்து கழுத்து போனதைச் சொன்னேன். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். ஆனால் எத்தனை பேரைப் பார்த்தோம், யாரை விட்டுவிட்டோம், ஏன் விட்டோம் என்று ஒருவர் கேட்டபோது மைக் அந்தப் பக்கம் போய்விட்டது. வீடு வீடாகப் போனது நான். பதில் எனக்குத் தெரியும்.

அதனால் தங்கச்சி, கணக்கு உனக்கு, கதை அக்காவுக்கு என்று பிரிக்காதே. இரண்டு எண்ணையாவது அவர் வாயால் சொல்லட்டும். கேள்வி நேரத்தில் முதலில் அவரைப் பார். தமிழில் பேசுவதில் தப்பே இல்லை, ஆனால் மொழிபெயர்க்கிறவர் முதல் நாளே அவரோடு உட்கார்ந்து ஒரு தடவை பேசிப் பார்க்கணும். என் பேச்சைப் பாதியாகச் சுருக்கிச் சொன்னார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

முத்தையாபுரத்துக்காரி:

எல்லாருக்கும் நன்றி. பீடி அக்கா சொன்னதை எங்கள் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "விட்டுப்போன வீடு எதெதுன்னு நான்தாம்ல சொல்லுவேன்" என்றார். ஒப்புதல் விஷயத்தைப் பேராசிரியரிடம் கேட்டேன், கல்லூரிக் குழுவில் முன்பே வாங்கியிருக்கிறார், நல்லவேளை. இந்த வாரக் கடைசியில் கோயில் பக்கம் கூடி வாசிக்கிறோம், பெயர் பற்றி வீட்டுக்கே போய்க் கேட்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். 2022-இல் அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் அறிவித்ததே, அதுபோல வேலைத்தளக் கழிப்பறையையும் கேட்கணும் என்கிறார்கள் அக்காக்கள். மாநாட்டுச் சுருக்கத்தில் இப்படிக் கோரிக்கை எழுதலாமா, அடித்துவிடுவார்களா?

சமூகமருத்துவம்_பிஜி:

தாராளமாக எழுதலாம், பரிந்துரை என்ற தலைப்பே அதற்குத்தான். ஒரே வரியாக, யார் செய்ய வேண்டும் என்பதோடு எழுதுங்கள். அதே பக்கத்தைத் தமிழில் கலெக்டரின் மனுநீதி நாளிலும் கொடுங்கள், மாநாடு வரை காத்திருக்க வேண்டாம்.