வேலை வயது கூடியது, மேசை மேல் வெளிச்சம் குறைந்தது

விருப்ப ஓய்வு பெறலாமா என்று யோசிப்பவர்கள் உடல்நிலை, பிள்ளைகளின் கல்யாணம், மேலதிகாரியின் கெடுபிடி என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். என்னுடைய காரணங்களில் முதலிடத்தில் இருப்பது என் மேசைக்கு மேலே எரியும் விளக்கு. கேட்பவர்கள் இதை நம்பத் தயங்குவதால் சற்று விவரமாகவே எழுதுகிறேன்.

தமிழ்நாடு அரசின் ஓர் அலுவலகத்தில், பழைய நில ஆவணங்களைக் கையாளும் பிரிவில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். குரூப் 4 தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்த காலத்தில் 58 வயதில் ஓய்வு என்பதே நடைமுறை. அது 2020 மே மாதத்தில் 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்ந்தது. கூடுதலாகக் கிடைத்த இரண்டு ஆண்டுச் சம்பளம் என் மகளின் கல்லூரிச் செலவுக்கு உதவும் என்பதால் அப்போது நான் மகிழ்ந்தது உண்மை. ஏறக்குறைய அதே காலகட்டத்தில்தான் எங்கள் அலுவலகத்திற்கு மின்சிக்கனச் சுற்றறிக்கையும் வந்தது. டியூப்லைட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எல்.இ.டி. பொருத்த வேண்டும், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை விளக்கைக் கழற்ற வேண்டும், உணவு இடைவேளையில் அணைக்க வேண்டும், சொந்த மின்சாதனங்கள் எதையும் அலுவலகத்தில் பயன்படுத்தக் கூடாது என்பவை அதில் இருந்த முக்கியமான கட்டளைகள்.

மின்சிக்கனத்திற்கு நான் எதிரி அல்ல. 2012-ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே வாழ்ந்த எவருக்கும், நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாமல் பிள்ளைகளைத் தேர்வுக்குப் படிக்க வைத்த துன்பம் மறந்திருக்காது. கணக்கைப் பார்த்தாலும் எல்.இ.டி.யின் நன்மையை மறுக்க முடியாது. பழைய 40 வாட் டியூப்லைட், அதன் சோக்கையும் சேர்த்தால், ஏறத்தாழ 50 வாட் இழுக்கும், எல்.இ.டி. குழலுக்கு 20 வாட் போதும். 60 விளக்குகள் எட்டு மணி நேரம் எரியும் ஓர் அலுவலகத்தில் இந்த மாற்றம் ஒன்றே நாளுக்கு 14 யூனிட்டுக்கு மேல் மிச்சப்படுத்தும். எல்.இ.டி. பல்புகளை மலிவாக வழங்க மத்திய அரசு 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழியாக 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் நாட்டில் வழங்கப்பட்டன. மொத்தக் கொள்முதல் விலை 300 ரூபாய்க்கு மேலிருந்து 40 ரூபாய்க்குக் கீழே இறங்கியதால் ஏழை வீடுகளிலும் நல்ல விளக்கு எரிந்தது. இதைப் பெரிய சாதனை என்றே கருதுகிறேன்.

குறை, வாட்டை அளந்தவர்கள் வெளிச்சத்தை அளக்காமல் விட்டதில் இருக்கிறது. எங்கள் கட்டடம் மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட பழைய கட்டடம். உத்தரம் மிக உயரத்தில் இருக்கிறது. பழைய குழல் எல்லாத் திசையிலும் ஒளியைப் பரப்பும். வெள்ளையடித்த கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒளி அறை முழுவதும் நிறையும். எல்.இ.டி. குழலின் ஒளி பெரும்பாலும் கீழ்நோக்கியே விழுகிறது. ஆகவே இடையில் ஒரு வரிசையைக் கழற்றியதும் விளக்குக்கு நேர் கீழே பளீரென்றும், இரண்டு விளக்குகளுக்கு நடுவே மங்கலாகவும் அறை பட்டை பட்டையாகப் பிரிந்துவிட்டது. என் மேசை மங்கலான பட்டையில் இருக்கிறது. எங்கள் பிரிவில் இருக்கும் இளைஞர் ஒருவர் தன் கைபேசியில் உள்ள, வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டும் அளவுமானியை என் பதிவேட்டின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "மேடம், இங்கே 100 லக்ஸ்கூட முழுசா வரலை" என்றார். கைபேசி அளவு துல்லியமாக இருக்காது என்றாலும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதி பொது அலுவலக வேலைக்கு 300 முதல் 750 லக்ஸ் வரை சொல்வதோடு ஒப்பிட்டால் இந்த இடைவெளி அலட்சியப்படுத்தக் கூடியதன்று.

நான் படிப்பவை கணினித் தாள்கள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பழுப்பேறிய தாளில், மங்கிய நீல மையில், எழுத்தர்கள் கூட்டெழுத்தாக எழுதிய பழைய பதிவேடுகள் அவை. 3 என்பதும் 8 என்பதும் மடிப்பில் விழுந்துவிட்டால் வேறுபாடு தெரியாது. சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் அலைய நேரிடும். அப்படிப்பட்ட இடங்களில் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு சன்னலோரம் போய்ப் படிக்கிறேன். மழைக்கால மாலைகளில் அந்த வழியும் இல்லை. எங்கள் அலுவலகத்தை ஒட்டிப் புதிதாகக் கட்டிய பதிவறையில் நிலைமை இன்னும் சங்கடமானது. அங்கே ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் விளக்குகளைப் பொருத்தியிருக்கிறார்கள். உடல் வெப்பம் அசைவதை வைத்துத்தான் அந்தக் கருவி ஆள் இருப்பதை அறிகிறது. ஒரே இடத்தில் நின்று கோப்பைப் படிப்பவரை அது ஆளாகவே எண்ணுவதில்லை. விளக்கு அணைந்ததும் கோப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையை வீசி அதை எழுப்ப வேண்டியிருக்கிறது.

வயதை இதில் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இருபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணில் விழித்திரைக்குப் போய்ச் சேர்கிறது. கண்மணி சுருங்குவதும் வில்லை மஞ்சளடைவதும் அதற்குக் காரணங்கள். அறுபது வரை வேலை வாங்குவது என்று முடிவானால், அறுபது வயதுக் கண்ணுக்குத் தேவையான வெளிச்சமும் அந்த முடிவோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும். எங்கள் பிரிவில் இருந்த மூத்த சகோதரி ஒருவர் மாலைதோறும் தலைவலியோடு வீட்டுக்குப் போனவர். "இன்னும் ரெண்டு வருஷம் இருந்தா என்ன கிடைக்கும்னு கணக்குப் போடாதே, கண்ணு என்ன ஆகும்னு கணக்குப் போடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு விருப்ப ஓய்வில் போனார்.

என்னுடைய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதி 56(3)-இன்படி 50 வயது நிறைந்தவர், அல்லது 20 ஆண்டு தகுதியான பணி முடித்தவர், மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து ஓய்வு பெறலாம். 2003 ஏப்ரல் 1-க்கு முன்பே சேர்ந்ததால் நான் பழைய ஓய்வூதியத்தில் இருக்கிறேன். 30 ஆண்டுப் பணியும் முடிந்துவிட்டதால் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாகக் கிடைக்கும். அந்தத் தேதிக்குப் பின் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்த என் இளைய சக ஊழியர்களுக்கு இந்தத் துணிவு எளிதில் வாய்த்ததில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆனாலும் சம்பளம் பாதியாகும் வீட்டில் படிக்கும் பிள்ளை இருக்கும்போது, முன்னறிவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது எளிதல்ல.

கழற்றிய வரிசையை மீண்டும் மாட்டித் தரும்படி மின் பராமரிப்பாளரிடம் கேட்டேன். நல்ல மனிதர், "எங்கிட்ட கேக்கறது எத்தனை வாட் குறைஞ்சுதுன்னு மட்டும்தான் மேடம், வெளிச்சம் எவ்வளவுன்னு எந்தப் படிவத்துலயும் கட்டம் இல்லை" என்றார். சரி, 7 வாட் மேசை விளக்கு ஒன்றை நானே வாங்கி வைக்கிறேன் என்றால், சொந்த மின்சாதனத் தடை குறுக்கே நிற்கிறது. கழற்றிய ஒரு குழலின் 20 வாட்டில் இரண்டு மேசைகளுக்கு இப்படிப்பட்ட விளக்குகள் தாராளமாக எரியும். சிக்கனமும் கெடாது, கண்ணும் பிழைக்கும் என்று விளக்கி, பதிவேடு படிக்கும் இருக்கைகளுக்கு மட்டும் மேசை விளக்கு வழங்கும்படி முறையாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு வரும் பதிலைப் பார்த்துவிட்டே என் ஓய்வைப் பற்றி முடிவு செய்வதாக வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

உங்களில் எவரேனும் இதே போன்ற விண்ணப்பம் கொடுத்து அனுமதி பெற்றிருந்தால், அதை அலுவலகத் தலைவருக்கு எழுதினீர்களா, கட்டடத்தைப் பராமரிக்கும் பிரிவுக்கு எழுதினீர்களா, கண் மருத்துவரின் சான்றிதழ் இணைக்க வேண்டியிருந்ததா என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள். என்னைப் போலவே எங்கள் பிரிவில் இன்னும் சிலர் அந்தத் தகவலுக்காகக் காத்திருக்கிறார்கள்.