பழைய கார் ஏசிக்குப் புதிய கேஸ்: உங்கள் அனுபவம் என்ன?

கும்பகோணம் உறுப்பினர்:
அப்பாவின் கான்டெசா கார் இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. அதன் ஏசி, ஆர்-12 கேஸுக்காகச் செய்தது. ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987 மான்ட்ரியல் உடன்படிக்கை ஓரங்கட்டிய கேஸ் அது. "அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ கேஸை ஏற்றினால் போதும், சார்" என்றார் உள்ளூர் மெக்கானிக். தஞ்சாவூர் மெக்கானிக் ஒருவர்தான், கேஸை ஏற்றும் முன், அதை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரில் கைவைத்தார். அதிலிருக்கும் பழைய மினரல் ஆயில் புதிய கேஸில் கரையாது. சூட்டை வெளியே தள்ளும் கன்டென்சரிலோ உள்ளே குளிரவைக்கும் எவாபரேட்டரிலோ தங்கிவிடும், கம்ப்ரசருக்குத் திரும்பாது. எண்ணெய் வறண்ட கம்ப்ரசர் இறுகிப்போக எத்தனை நேரம் ஆகும்? அவர் எண்ணெயைக் கண்ணாடி பாட்டிலில் வடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். கறுத்திருந்தது, ஆனால் உள்ளே தேய்ந்ததைக் காட்டும் அலுமினியத் தூள் மினுங்கவில்லை. மினுங்கியிருந்தால் கம்ப்ரசரையே மாற்றச் சொல்லியிருப்பாராம். பிறகு குழாய்களைக் கழுவி, புதிய கேஸோடு சேரும் எஸ்டர் ஆயில் ஊற்றி, ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங்குகளையும் மாற்றி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேக்குவம் பம்பை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். கேஸும் பழைய எடைக்கு ஏற்றவில்லை. அதில் 85 சதவீதம் அளவுக்குத்தான்.

மன்னார்குடி உறுப்பினர்:
நான் இத்தனையும் செய்தேன், ஐயா. என் பழைய மாருதி 800 ஓடும்போது குளிர்ந்தது. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தால் வெந்நீர்ப் பானைக்குள் உட்கார்ந்ததுபோல்தான் இருந்தது. புதிய கேஸுக்கு அழுத்தம் அதிகம், பழைய கன்டென்சரால் அந்தச் சூட்டை வெளியே தள்ள முடியவில்லை. சூட்டை நன்றாக வெளியேற்றும் பேரலல் ஃப்ளோ வகைக் கன்டென்சரும் முன்பக்கம் கூடுதலாக ஒரு விசிறியும் வைத்த பிறகே நிம்மதி. நம் பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு: அறுவடையின்போது சாலையிலேயே நெல்லைத் தூற்றுகிறார்கள், பதர் முழுவதும் கன்டென்சர் இடுக்குகளில் அடைகிறது. பல் துலக்கும் பிரஷ்தான் கைகொடுக்கிறது.

நாகப்பட்டினம் உறுப்பினர்:
எனக்கு ஒரு கடையில் கார் ஏசிக்குச் சமையல் கேஸ் ஏற்றித் தருவதாகச் சொன்னார்கள். "மலிவு, அண்ணே, ஜில்லென்று இருக்கும்." குளிரத்தான் செய்யும், பொய்யில்லை. ஆனால் எவாபரேட்டர் இருப்பது டேஷ்போர்டுக்குப் பின்னால். அங்கே கசிந்தால் எரியும் கேஸ் பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கே வரும். சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கும்பகோணம் ஐயா, கேஸ் ஏற்றும் சர்வீஸ் வால்வில் ஆர்-134ஏ குழாய் மாட்டுவதற்கான அடாப்டர் பொருத்தினார்களா? பானெட்டுக்குள் எந்த கேஸ், எந்த எண்ணெய், எத்தனை கிராம் என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிடச் சொல்லுங்கள். அடுத்து கைவைப்பவர் வேறு எதையாவது கலந்துவிடக் கூடாது.