லைவ் லினக்ஸில் டிஸ்க் அழிக்கிறேன்: எஸ்எஸ்டி மட்டும் 'ஃப்ரோசன்' என்று அடம்பிடிக்கிறது

திருப்புளி எழுதியது:

வணக்கம். பழைய கணினிகளை வாங்கி, தூசி தட்டி, ராம் கூட்டி, லினக்ஸ் போட்டு மறுபடி கைமாற்றிவிடுகிறேன். இதுவரை டிஸ்க்கை ஒரு குவிக் ஃபார்மட், அப்புறம் புது இன்ஸ்டால், அவ்வளவுதான். போன வாரம் கை சும்மா இருக்காமல், ஃபார்மட் செய்து வைத்திருந்த டிஸ்க் ஒன்றில், அழிந்த ஃபைல்களை மீட்கிற ஃபோட்டோரெக்கை ஓட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் முன்பல் விழுந்த ஒரு குழந்தை கேக் வெட்டுகிற படம் வந்து நின்றது. அதற்கடுத்து யாரோ கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்த பத்திரம். வயிற்றைக் கலக்கிவிட்டது.

இப்போது கையில் 11 கணினி. 7-ல் 500 ஜிபி சுழலும் டிஸ்க், 3-ல் சாட்டா எஸ்எஸ்டி (சுழலாமல் சிப்பில் பதிகிற டிஸ்க்), ஒன்றில் என்விஎம்இ (அதைவிட வேகமான எஸ்எஸ்டி வகை). உபுண்டு பென்டிரைவில் பூட் செய்து (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லைவ் லினக்ஸ்), முதல் டிஸ்க்கில் டிடி கமாண்ட் வைத்து முழுக்க பூஜ்யம் எழுதினேன். ராத்திரி போட்டது விடிகிற வரை ஓடி, கடைசியில் 'டிஸ்க்கில் இடமில்லை' என்று பிழை காட்டி நின்றது. தோற்றுவிட்டதா? 35 முறை எழுத வேண்டும் என்று வேறு எங்கோ படித்தேன், அப்படியென்றால் இந்த ஜன்மத்தில் முடியாது.

எஸ்எஸ்டிக்கு ஹெச்டிபார்ம் கமாண்ட் மூலம் செக்யூர் எரேஸ் (டிஸ்க்கே தன்னை அழித்துக்கொள்ளச் சொல்லும் கட்டளை) கொடுக்கப் பார்த்தால் மூன்றுமே 'ஃப்ரோசன்', அதாவது உறைந்த நிலையில் இருக்கின்றன. என்விஎம்இ உள்ள மடிக்கணினியில் டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியவில்லை, பட்டியலில் பென்டிரைவ் மட்டும்தான் வருகிறது. விண்டோஸ் அதே டிஸ்க்கிலிருந்துதான் பூட் ஆகிறது!

வட்டுவைத்தியர் எழுதியது:

முதலில் டிடி. அது தோல்வி இல்லை நண்பரே. டிஸ்க்கின் கடைசி வரைக்கும் எழுதிவிட்டு இனி எழுத இடமில்லை என்கிறது, நீங்கள் கேட்டதும் அதைத்தானே. ராத்திரி முழுக்க ஓடியதற்குக் காரணம், பிளாக் அளவைச் சொல்லாவிட்டால் டிடி 512 பைட்டாகத்தான் எழுதும், தேக்கரண்டியால் கிணறு இறைக்கிற கதை. 4 எம்பி என்று கொடுங்கள், முன்னேற்றம் காட்டும் ஆப்ஷனையும் சேருங்கள். நொடிக்கு 100 எம்பி எழுதுகிற டிஸ்க் என்றால் 500 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் குறையும் என்பதால் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

35 முறை என்பது பீட்டர் குட்மன் 1996-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வந்தது. அந்தக் காலத்து டிஸ்க்குகள் தரவைப் பதிந்த விதம் ஒவ்வொன்றுக்கும் தோதாகச் சேர்த்த பட்டியல் அது, எந்த ஒரு டிஸ்க்குக்கும் மொத்தமும் தேவைப்படாது என்று பின்னால் அவரே விளக்கம் எழுதினார். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2014-ல் திருத்தி வெளியிட்ட 800-88 என்கிற தரவு அழிப்பு வழிகாட்டியும் சுழலும் டிஸ்க்கைத் துடைக்க ஒரு முறை பூஜ்யம் எழுதுவதை ஏற்றது. ஒரு முறை எழுதி, திரும்பப் படித்துச் சரிபாருங்கள். படித்துப் பார்க்காத மூன்று சுற்றைவிட அது மேல் என்பேன்.

மீதி ஆறுக்கும் டிடி வேண்டாம், டிஸ்க் அழிப்பதற்கென்றே உள்ள ஷ்ரெட்ஓஎஸ் பென்டிரைவ் செய்துகொள்ளுங்கள். உள்ளே என்வைப் என்கிற அழிக்கும் புரோகிராம் இருக்கிறது, எழுதுவது, சரிபார்ப்பது இரண்டையும் அதுவே செய்யும். டிபேன் என்கிற பழைய அழிக்கும் கருவியைத் தேடிப் போகாதீர்கள், 2015-க்குப் பிறகு அதற்குப் புதுப் பதிப்பு இல்லை. எதை ஓட்டினாலும் என்டர் தட்டுவதற்கு முன் டிஸ்க்கின் சீரியல் எண்ணை அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒப்பிடுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கிற பெயர்கள் அடுத்த பூட்டில் இடம் மாறலாம். என் சொந்த பேக்கப் டிஸ்க்கை இப்படித்தான் ஒரு நாள் சுத்தமாகத் துடைத்தேன்.

கறுப்புத்திரை எழுதியது:

எஸ்எஸ்டிக்கு வருகிறேன். உறைய வைத்தது பயாஸ், அதாவது கணினியைத் துவக்கும் புரோகிராம். ஏதாவது வைரஸ் வந்து பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடக் கூடாது என்று, பூட் ஆகும்போதே டிஸ்க்கின் பாஸ்வேர்டு, எரேஸ் வசதிகளை முடக்கிவிடுகிறது. லைவ் லினக்ஸுக்குள் வந்த பிறகு கணினியைத் தூங்க வையுங்கள், சஸ்பெண்ட், பத்து நொடி கழித்து எழுப்புங்கள். டிஸ்க்குக்கு மின்சாரம் நின்று வந்திருக்கும், பல பயாஸ்கள் அந்த நேரத்தில் மறுபடி உறைய வைக்க மறந்துவிடும். ஹெச்டிபார்மில் பெரிய ஐ (-I) ஆப்ஷன் போட்டுப் பாருங்கள், 'ஃப்ரோசன்' என்ற சொல்லுக்கு முன்னால் 'நாட்' வந்திருந்தால் வேலை முடிந்தது. எரேஸுக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்பதும் அங்கேயே இருக்கும்.

அப்புறம் ஒரு தற்காலிக பாஸ்வேர்டு வைத்துத்தான் எரேஸ் கொடுக்க முடியும். காலியாக விடாதீர்கள், ஒரே எழுத்தானாலும் போதும், தாளில் எழுதி வையுங்கள். யூஎஸ்பி கேஸில் போட்டுச் செய்யாதீர்கள், மதர்போர்டு சாட்டாவில் நேராக மாட்டுங்கள். எஸ்எஸ்டியில் டிடி ஏன் போதாது என்றால், கணினிக்குக் காட்டாமல் எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப் ஒதுக்கி வைத்திருக்கும் பகுதிக்கு அது போகாது.

என்விஎம்இ தெரியாததற்கு பயாஸில் ஸ்டோரேஜ் மோட் பாருங்கள். ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருந்தால் ஏஹெச்சிஐ-க்கு மாற்றுங்கள், தெரியும். மாற்றினால் பழைய விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம், அதைத்தான் அழிக்கப்போகிறீர்களே. பிறகு என்விஎம்இ ஃபார்மட் கமாண்டில் செக்யூர் எரேஸ் மதிப்பை 1 என்று கொடுங்கள்.

திருப்புளி எழுதியது:

தூங்க வைத்து எழுப்பினேன், 'நாட்' வந்தது! முதல் இரண்டு எஸ்எஸ்டியும் இரண்டே நிமிடத்தில் முடிந்தன. ஏஹெச்சிஐ மாற்றியதும் என்விஎம்இ-யும் வந்தது, அது சில நொடிகளில் காலி.

மூன்றாவதில்தான் வினை. எரேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது நாற்காலியைப் பின்னால் தள்ளினேன், சக்கரம் பவர் ஒயரில் மாட்டிப் பிடுங்கிவிட்டது. இப்போது பூட் செய்தால் டிஸ்க் பாஸ்வேர்டு கேட்கிறது. வைத்த பாஸ்வேர்டையே கொடுத்தாலும் தவறு என்கிறது. எஸ்எஸ்டி போயே போச்சா?

கறுப்புத்திரை எழுதியது:

போகவில்லை. பல பயாஸ்கள் நீங்கள் தட்டுகிற எழுத்தை அப்படியே அனுப்பாமல் தங்கள் பாணியில் மாற்றி அனுப்பும், அதனால்தான் தவறு என்கிறது. அங்கே மல்லுக்கட்டாதீர்கள், தப்பு எண்ணிக்கை கூடினால் டிஸ்க் பதில் சொல்வதையே நிறுத்தும், பவர் போய் வந்தால்தான் மீளும். எஸ்கேப் தட்டித் தாண்டி லைவ் லினக்ஸுக்குப் போங்கள். மறுபடி உறைந்திருந்தால் தூங்க வைத்து எழுப்புங்கள். அதே பாஸ்வேர்டோடு எரேஸ் கமாண்டை மட்டும் திரும்பக் கொடுங்கள், புது பாஸ்வேர்டு வைக்கிற படி வேண்டாம். முழுதாக முடிந்தால் பூட்டு தானாகவே விலகும்.

திருப்புளி எழுதியது:

விலகியது. கை நடுங்கத்தான் என்டர் தட்டினேன். நாற்காலி இப்போது அடுத்த அறையில்.

சுழலும் டிஸ்க்கில் ஆறு சுத்தம், ஃபோட்டோரெக் ஓட்டினால் ஒரு ஃபைல்கூட வரவில்லை. ஏழாவது என்வைப்பில் எழுத முடியாத பிழைகளாகக் கொட்டியது. டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் பெண்டிங் செக்டர் (சரியாகப் படிக்க முடியாத பகுதி) 48.

வட்டுவைத்தியர் எழுதியது:

அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். எழுத முடியாத செக்டரில் பழைய தரவு அப்படியே கிடக்கலாம். டிஸ்க்கைத் திறந்து தட்டுகளை வெளியே எடுத்துத் துளை போடுங்கள். கண்ணாடித் தட்டாக இருந்தால் சிதறும், கண்ணுக்குப் பாதுகாப்பு அணிந்து செய்யுங்கள்.

திருப்புளி எழுதியது:

சரி. கடைசியாக ஒன்று. ஏற்கெனவே குவிக் ஃபார்மட் மட்டும் செய்து நான் கொடுத்த கணினிகள்? எல்லாமே சுழலும் டிஸ்க்தான். வாங்கியவர்கள் அதில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், மொத்தமாக அழிக்கச் சொல்ல முடியாது.

வட்டுவைத்தியர் எழுதியது:

காலி இடத்தை மட்டும் நிரப்பலாம். முதலில் அவர்கள் பேக்கப் எடுத்துக்கொள்ளட்டும். பிறகு லினக்ஸில் ரூட்டாக, இடம் தீரும்வரை பூஜ்யம் எழுதுகிற ஒரே ஒரு பெரிய ஃபைல், சிங்க் கமாண்ட் (எழுதியது டிஸ்க்குக்குப் போய்ச் சேர்வதற்கு) கொடுத்துவிட்டு அந்த ஃபைலை அழித்துவிடுங்கள். ஓரங்களில் துணுக்குகள் மிஞ்சலாம், ஆனால் அந்தக் கேக் படம் மாதிரி முழு ஃபைல்கள் பெரும்பாலும் போய்விடும். நேரில் போய்ச் செய்து கொடுங்கள், போனில் டிடி கமாண்ட் சொல்லாதீர்கள்.